'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்?



'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று முதலாம் ஆண்டு மாணவரைக் கேட்டால், மூன்று என்று விரல் மடக்கிச் சொல்வார். ஃபிரீ பாஸ்கல் மொழியில் எழுதிய நிரலோ, ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் உள்ள அதே சொல்லின் நீளம் 15 என்கிறது. நிரல் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது.

பாஸ்கல், நிரலாக்கம் கற்பிப்பதற்காக நிக்லாஸ் விர்த் உருவாக்கி 1970இல் வெளியிட்ட மொழி. 1983இல் வந்த டர்போ பாஸ்கலில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. ஆகவே மொத்தம் 256 இடங்களே. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் போயின. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் அமர்த்த இயலுமா?

அதனால் எழுத்துகளைத் துண்டுகளாக்கினர். 1990களின் இறுதியில் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் இணையத்தில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி முறையில் கொம்பும் காலும் தனித்தனி இடம் பெற்றன. 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, 'க', கால் எனச் சேமிக்கப்பட்டது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் இம்முறையை ஏற்றது. ஒருங்குறியிலோ ஒலிப்பு வரிசையே முறை: முதலில் 'க', அடுத்து உயிர்க்குறி. அதன்படி 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆகப் பதினைந்து.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். தோட்டப் பள்ளி ஒன்றின் பழைய ஆண்டு மலர்க் கோப்பு அண்மையில் என் கைக்கு வந்தது. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். திஸ்கி எழுத்துருவை இட்டதும் தமிழ் தெரிந்தது. ஆயினும் ஒருங்குறியில் தட்டச்சு செய்து தேடினால் ஒரு மாணவர் பெயரும் அகப்படவில்லை. பத்து காவானில் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவிட்டன. அங்கே பயின்ற பிள்ளைகளின் பெயர்கள் இத்தகைய மலர்களில்தாம் எஞ்சியுள்ளன.

அதை மாற்ற ஒரு சிறு பாஸ்கல் நிரல் போதுமானதாக இருந்தது. குறியீட்டுக்குக் குறியீடு மாற்றுவது மட்டும் போதாது. கொம்போ ஐகாரக் குறியோ வந்தால், அதைப் பிடித்து வைத்து, அடுத்து வரும் மெய்க்குப் பின்னால் இட வேண்டும். பின்னர்க் கால் வந்தால் இரண்டையும் 'ஒ' அல்லது 'ஓ' குறியாக இணைக்க வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் பழைய வினாத்தாள்களும் மலர்களும் குறுவட்டுகளில் இருக்கக்கூடும். மூலக் கோப்பை அழிக்காமல் ஒரு படி எடுத்து மாற்றுங்கள். கை, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் சொற்களைத் தேடிச் சரிபாருங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் மனிதக் கண் ஒருமுறை முழுமையாகப் படித்துவிடட்டும். அந்தக் குறுவட்டுகள் பழுதாகும் முன்னரே இப்பணியைச் செய்து முடிப்போம்.