பத்து நாள் பாதிரியார்

மகள் வீட்டில் சில மாதம் தங்கி வரலாமென்று 2018-ஆம் வருஷக் கடைசியில் நாமும் நமது மனைவியும் அமெரிக்காவுக்குப் போயிருந்தோம். ஒஹையோ மாகாணத்தில் ஒரு சிறு பட்டணம். பனி கொட்டும் காலத்தில் அங்கே நம்மவர் செய்யக்கூடிய காரியம் அதிகமில்லை. ஜன்னலண்டை உட்கார்ந்து காப்பி குடிப்பதும், எதிர் வீட்டு நாய் எத்தனை தடவை வெளியே வந்து போகிறது என்று கணக்கெடுப்பதுமே நமது உத்தியோகமாயிருந்தது. ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த உத்தியோகத்தில் ஈடுபட்டிருந்தபோது, நாய்க்குப் பதிலாக அவ்வீட்டுப் பிள்ளையே கையில் ஒரு கடிதத்துடன் தெருவைக் கடந்து வந்து நம் கதவைத் தட்டினான்.

வயது இருபது, கலாசாலையில் மூன்றாம் வருஷம், மிகவும் மரியாதை தெரிந்த பிள்ளை. கடிதத்தின் சாரம் இது: மார்ச்சு மாத விடுமுறையில் அவனும் அவன் சபையைச் சேர்ந்த பதினொரு வாலிபர்களும் குவாதமாலா தேசத்துக்குப் பத்து நாள் ஊழியத்துக்காகப் போகிறார்கள். அங்கே ஏழைக் குடும்பங்களுக்குப் புகையில்லாத அடுப்புகள் கட்டிக் கொடுத்து, கிறிஸ்துவின் அன்பையும் எடுத்துச் சொல்லப் போகிறார்கள். தலைக்கு 1,800 டாலர் செலவு. அன்பர்கள் பிரார்த்தனையாலும், இயன்றால் பொருளாலும் உதவ வேண்டும். பிரார்த்தனையை முதலிலும் பொருளை இரண்டாவதாகவும் எழுதியிருந்ததைக் கவனித்தோம். கும்பாபிஷேகமானாலும் சரி, குவாதமாலாவானாலும் சரி, நன்கொடைக் கடிதத்துக்கு இலக்கணம் ஒன்றுதான் போலும்!

உள்ளதைச் சொல்லி விடுகிறோம். கடிதத்தைப் படித்ததும் நமக்கு உண்டான முதல் உணர்ச்சி அன்பு அல்ல. நமது தகப்பனார் கதர் கட்டியவர். சேவை செய்கிறவர்கள் சேவைக்காகவே செய்ய வேண்டும், மதமாற்றத்தைப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு செய்யலாகாது என்று மகாத்மா காந்தி பாதிரிமாருக்குப் பலமுறை எடுத்துச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதோடு, பாதிரிமாரின் ஆஸ்பத்திரியிலே பிறந்து, பாதிரிமாரின் பள்ளிக்கூடத்திலே படித்து, பிறகு பாதிரிமாரைக் குறை கூறுவது நம் போன்றோரின் பரம்பரை வழக்கமாகவும் இருந்து வருகிறது.

"தம்பி, குவாதமாலாவில் மாதா கோவில் இல்லையா?" என்று கேட்டோம்.

"நிறைய இருக்கின்றன" என்றான்.

"ஜனங்கள் கிறிஸ்தவர்கள்தானே?"

"ஆமாம். பாதிக்குமேல் கிறிஸ்தவர்கள்தான்."

பாதிக்குமேல் என்று அவன் சொன்னது மிகவும் குறைத்த கணக்கு. ஸ்பெயின் தேசத்தார் 1524-ல் அங்கே வாளுடனும் சிலுவையுடனும் வந்து இறங்கினார்கள். இன்று கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளுமாக நிறைந்திருக்கும் அந்நாட்டில் கிறிஸ்தவரல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "அப்படியானால் அங்கே போய் என்ன சொல்லப் போகிறாய்?" என்றதற்கு அவன் சற்று யோசித்து, "எனக்கும் அது நன்றாகத் தெரியவில்லை. ஆனால் அடுப்புக் கட்டுவது நல்ல காரியம்தானே, ஸார்?" என்றான்.

அந்தப் பதிலில் கபடம் இல்லை. நாம் பணப்பையை எடுத்து 25 டாலர் கொடுத்தோம்.

கொடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1969-ல், காந்தி நூற்றாண்டு வருஷத்தில், நமது சர்க்கார் நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது நேயர்களில் பலருக்கு நினைவிருக்கலாம். கலாசாலை மாணாக்கர்கள் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கிப் பணி செய்வது அக்காலத்தில் அதில் ஓர் அம்சமாயிருந்தது. 1975 டிசம்பரில் நாமும் ஐம்பது பேருடன் மதுரை ஜில்லாவில் ஒரு கிராமத்துக்குப் போனோம். மண்வெட்டியை அதற்கு முன்பு தொட்டறியாத கைகளால் அரை மைல் தூரம் சரளைச் சாலை போட்டோம். கையெல்லாம் கொப்புளம்; மனமெல்லாம் பெருமை. இரவில் தேசபக்திப் பாட்டு. கடைசி நாள் ஊரார் மேளம் கொட்டி மாலை போட்டு அனுப்பினார்கள். மறு வருஷம் ஐப்பசி மழையில் அந்தச் சாலை அடித்துக்கொண்டு போய்விட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறந்தும் விட்டோம். அப்படிப்பட்ட நாம் எதிர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது நியாயமாகுமா?

பையன் போய்விட்டு ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து சேர்ந்தான். முகம் கறுத்து, உள்ளங்கை காய்த்து, கண்களில் ஒரு பிரகாசத்தோடு வந்தான். மகள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து அவன் கொண்டு வந்த படங்களைப் பார்த்தோம்.

அத்தித்லான் என்று ஓர் ஏரி. மூன்று எரிமலைகள் அதன் கரையில் நிற்கின்றன. சுற்றிலும் மலைச் சரிவுகளில் மாயா இனத்தாரின் கிராமங்கள். அவர்களுடைய வீடுகளில் சமையல் எப்படி நடக்கிறதென்று நம் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தரையில் மூன்று கல், நடுவே விறகு, மேலே பானை. புகை போக வழியில்லாமல் கூரையெல்லாம் கரி படிந்திருக்கும்; அடுப்பண்டை இருக்கும் பெண்களுக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் நீங்காத சொத்து. இந்தப் பையன்கள் சிமெண்டுக் கற்களை அடுக்கி, இடுப்பளவு உயரத்தில் மேடை கட்டி, மேலே இரும்புத் தகடு பதித்து, கூரைக்கு வெளியே ஒரு தகரக் குழாயை விட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பலன் பெரிது. நம் தேசத்திலும் இந்த முயற்சி புதிதல்ல. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் இஞ்சினியர் புகையில்லா அடுப்பு ஒன்றை அமைத்து, அதைப் பற்றி எழுதிய புஸ்தகம் 1953-ல் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. அதையும் ஒரு மிஷன் அச்சுக்கூடம்தான் வெளியிட்டது என்பதை, பாதிரிமாரைக் குறை கூறும் நம் கட்சியார் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு பேரும் சேர்ந்து எட்டு நாளில் பத்து அடுப்புகள் கட்டினார்களாம். கடைசி அடுப்பு முடிந்ததும் எடுத்த ஒரு சலனப் படத்தைப் பையன் போட்டுக் காட்டினான். கிழவி ஒருத்தி, அழகான நெசவு வேலை செய்த ரவிக்கையும் கட்டுப் பாவாடையுமாகப் புது அடுப்பின் பக்கத்தில் நின்று நெடுநேரம் பேசுகிறாள். அடுப்பைத் தொட்டுக் காட்டுகிறாள். கீழே தரையைக் காட்டுகிறாள். கையை அகல விரிக்கிறாள். அவள் பேசுவது கச்சிக்கேல் என்னும் மாயா பாஷை. அருகில் ஒன்பது வயதுப் பேத்தி. அவள்தான் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை வெட்கப்பட்டுக்கொண்டு "கிராஸியாஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. உடனிருந்தவர், "நன்றி சொல்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நமது மனைவி மட்டும் துடைக்கவில்லை. பையன் போன பிறகு, "அந்தம்மாள் சந்தோஷமாகப் பேசுகிற மாதிரி எனக்குத் தோன்றவில்லையே" என்றாள். "உனக்கு மாயா பாஷை எப்போது வந்தது?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தோம்.

எனினும் அந்தச் சந்தேகம் நம்மை விடவில்லை. அவ்வூர்ப் புஸ்தகசாலையில் போய் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் பற்றிச் சிறிது படித்தோம். இத்தகைய குறுங்கால ஊழியங்களுக்காக அமெரிக்கச் சபைகளிலிருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 16 லட்சம் பேர் வெளிநாடு போகிறார்கள் என்று ராபர்ட் வுத்னோ என்னும் பேராசிரியர் 2009-ல் வெளியான தமது நூலில் மதிப்பிட்டிருக்கிறார். முன்காலத்தில் இப்படி இல்லை. 1886-ல் மாஸச்சூஸட்ஸ் மாகாணத்து மவுண்ட் ஹெர்மனில் கூடிய கலாசாலை மாணாக்கர்களில் நூறு பேர் அந்நிய நாடுகளில் ஊழியம் செய்வதாகப் பிரதிக்ஞை செய்தார்கள். அவர்களை ஊக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் வைல்டர் நம் கோலாப்பூரில் பிறந்தவர். அவர்கள் கொடுக்க முன்வந்தது ஆயுளை, விடுமுறையை அல்ல.

இன்னொரு கணக்கும் கிடைத்தது. 1998-ல் மிட்ச் என்னும் பெரும் புயல் ஹொண்டுராஸ் தேசத்தைச் சின்னாபின்னம் செய்தது. வடக்கேயிருந்து கிறிஸ்தவக் கூட்டத்தார் பலர் வீடு கட்டிக் கொடுக்க வந்தார்கள். கர்ட் வெர் பீக் என்பவர், அவரும் பக்தியுள்ள கிறிஸ்தவரே, இதை ஆராய்ந்து 2006-ல் எழுதினார். உள்ளூர்க் கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் கட்டிய வீட்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர். வந்தவர்கள் கட்டியதற்குப் பிரயாணச் செலவு உட்பட 30,000 டாலர். குடிவந்தவர்களுக்கோ, கட்டியவர் யார் என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நாம் மிகவும் ரசித்தது இவான் இலிச் என்னும் கத்தோலிக்கக் குருவின் பிரசங்கம். மெக்ஸிகோவில் குவெர்னவாகா நகரில் கல்வி நிலையம் நடத்தி வந்தவர். கோடை விடுமுறையில் மெக்ஸிகோக் கிராமங்களுக்குப் பணி செய்யப் புறப்பட்ட கலாசாலை மாணாக்கர்கள் 1968-ல் அவரைப் பேச அழைத்தார்கள். ஆசீர்வாதம் எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது சாட்டையடி. பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்வதற்கு மட்டும் வராதீர்கள் என்றார். பணி செய்தே ஆக வேண்டுமானால், உங்கள் முகத்துக்கு நேரே 'வேண்டாம், போ' என்று சொல்லக் கூடியவர்களிடையே செய்யுங்கள் என்பதும் அவர் வாதம்.

இவற்றையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொன்னோம். வயதானவர்களுக்கு உள்ள குரூர சந்தோஷங்களில் இதுவும் ஒன்று. அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் சும்மா இருக்கவில்லை.

"ஸார், நான் போகாவிட்டால் நீங்கள் அந்த 25 டாலரை அந்தக் கிழவிக்கு அனுப்பியிருப்பீர்களா?" என்று கேட்டான்.

நமக்குப் பதில் வரவில்லை. குவாதமாலாவில் அப்படி ஒரு கிழவி இருப்பதே அவன் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

பேச்சை மாற்ற, திருப்பத்தூர்க் கதையைச் சொன்னோம். ஸ்காத்லாந்து தேசத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் ஃபாரெஸ்டர் பேட்டன், தமிழரான டாக்டர் ஜேசுதாசனுடன் சேர்ந்து 1921-ல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார். ஜேசுதாசன் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். மேலே இருந்தவர் தமிழர் என்பது கவனிக்கத்தக்கது. பேட்டன் கதர் உடுத்தினார், தமிழ் பேசினார். 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதருடன் நின்ற குற்றத்துக்காகத் தம் ஜாதிக்காரர் ஆட்சியின் போலீஸாரிடமே அடிபட்டார். நம் ஜனங்கள் அவரைப் பாதிரியாரென்று நினைக்கவில்லை, அண்ணனென்றே அழைத்தார்கள்.

"அவருக்குத் தமிழ் கற்க எத்தனை காலம் பிடித்தது?" என்று மட்டும் பையன் கேட்டான். பிறகு விடைபெற்றுக்கொண்டு போய்விட்டான். மே மாதம் நாமும் ஊர் திரும்பினோம்.

2022 செப்டம்பரில் அவனிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. படிப்பு முடிந்து, கொள்ளைநோய்க் காலமும் கழிந்த பின், அந்தக் கோடையில் தனியாகக் குவாதமாலாவுக்குப் போயிருக்கிறான். யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை. ஆன்டிகுவா நகரில் மூன்று மாதம் ஸ்பானிஷ் படித்துவிட்டு, பிறகு அந்த ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போனானாம். கிழவி சௌக்கியம். அவன் கட்டிய அடுப்பும் சௌக்கியம். அடை தட்டுவது அதில்தான். ஆனால் முற்றத்தில் பழைய மூன்று கல்லும் இருந்தன. அவற்றின் மேல் ஒரு பெரிய பானையில் மக்காச்சோளம் சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்துகொண்டிருந்தது.

பையன் தன்னிடமிருந்த பழைய சலனப் படத்தைப் பேத்தியிடம் போட்டுக் காட்டினான். பன்னிரண்டு வயதாகிவிட்ட அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வாக்கியமாக ஸ்பானிஷில் சொன்னாளாம். கிழவி அன்றைக்குப் பேசியது இதுதான்: அடுப்பு அழகாக இருக்கிறது, ஆனால் சோளம் அவிக்கும் பானை இவ்வளவு பெரிது, இதன் மேல் உட்காராது, இங்கே தரையிலிருந்த என் மூன்று கற்களை எங்கே போட்டீர்கள்? அவை என் மாமியார் வைத்த கற்கள்.

கற்களைப் பள்ளத்தில் எறிந்தவன் தான்தான் என்று பையன் எழுதியிருந்தான். அவர்கள் கை தட்டிவிட்டுப் போன மறுநாள் கிழவியே இறங்கி அவற்றைத் தேடி எடுத்து வந்தாளாம்.

கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினோம். "நான் சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. அவ்வளவு தயவு அவளிடம் உண்டு. "கல்லைத் தூக்கிக்கொண்டு அந்த வயதில் எப்படி மேடேறினாளோ!" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1975-ல் நாம் போட்ட சாலை நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது. அது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலின் குறுக்கே போயிற்று. அந்தக் காலைச் சரளையால் தூர்த்துச் சமப்படுத்தியவர்களும் நாமே. கடைசி நாள் மாலை மரியாதையின்போது ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தோளில் துண்டு, கையில் கோல். கோலால் சாலையைக் காட்டினார், கண்மாயைக் காட்டினார். ஏதோ நெடுநேரம் சொன்னார். மேளச் சத்தத்தில் நம் காதில் விழவில்லை. நாங்கள் ஐம்பது பேரும் கை தட்டினோம்.

அவர் பேசியது தமிழ்தான்.