அட்டவணைக்கு வெளியே ஐந்து கோடிப் பேர்

பண்பாடு, தொழில்நுட்பம், அரசியல் என்று தனித்தனி அலமாரிகளில் வைக்கப்படும் சில எழுத்துகளை அடுத்தடுத்து வாசித்தால், அவை ஒரே கேள்வியைச் சுற்றி வருவது புலப்படும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழித் தொகுதி, அலோக் ராயின் 'இந்தி தேசியவாதம்', கிரியர்சனின் மொழி அளவாய்வு குறித்து ஜாவெத் மஜீத் எழுதியுள்ள இரு நூல்கள், இவற்றோடு கணினிவழி மொழியாய்வில் 2020 முதல் வெளிவந்த மூன்று கட்டுரைகள். ஒரு பேச்சு 'மொழி' என்னும் தகுதியைப் பெறுவது யாருடைய அட்டவணையில் என்பதே அந்தக் கேள்வி. அதை ஆராய்வதற்கு போஜ்புரியைப் போல் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

முதலில் கணக்கெடுப்பு. 2011இல் மக்கள் தம் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. சரிபார்ப்புக்குப் பின் அவை 1,369 தாய்மொழிகளாயின. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவையாக ஒதுக்கப்பட்டன. குறைந்தது பத்தாயிரம் பேர் பேசுபவை மட்டும் 121 'மொழிகள்' என்னும் தலைப்புகளின் கீழ்த் தொகுக்கப்பட்டன. இந்தி என்னும் தலைப்பின்கீழ்க் காட்டப்படும் எண்ணிக்கை 52.83 கோடி. ஆனால் 'இந்தி' என்றே பதிவானவர்கள் 32.22 கோடிப் பேர்தாம். எஞ்சிய இருபது கோடிக்கு மேற்பட்டோர் போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி போன்ற பெயர்களைச் சொன்னவர்கள். போஜ்புரி என்றவர்கள் மட்டும் 5.06 கோடி. இது கன்னடம், ஒடியா, மலையாளம் ஆகிய ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும்விட அதிகம். இந்த எண்கள் எவையும் மறைக்கப்பட்டவை அல்ல. அதே தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. பொதுப்பேச்சில் மேற்கோளாவது மட்டும் 52.83 கோடி.

இந்தத் தொகுப்பு இயற்கையானதன்று என்பதை கிரியர்சன் நினைவூட்டுகிறார். 1903 தொடங்கி 1928 வரை வெளிவந்த அவருடைய அளவாய்வு 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் பட்டியலிட்டது. அதில் போஜ்புரி இந்தியின் கிளை அன்று. மைதிலி, மகஹி ஆகியவற்றுடன் 'பிகாரி' என்னும் தலைப்பின்கீழ், வங்காளமும் ஒடியாவும் அசாமியமும் அடங்கிய கிழக்குக் குழுவில் அது வைக்கப்பட்டது. 'பிகாரி' என்பதும் அவர் வகுத்த தலைப்பே. மக்கள் சூட்டிய பெயரன்று. மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையே கோடு கிழிப்பதில் அவருக்கே இருந்த தயக்கங்களை மஜீதின் நூல்கள் விரிவாக எடுத்துக்காட்டுகின்றன. காலனிய அறிவு எப்போதும் உறுதியோடு பேசியது என்னும் எளிய சித்திரத்தை அவை கலைக்கின்றன. அந்தத் தயக்கம் பிற்கால அட்டவணைகளில் இல்லை.

தயக்கம் ஏன் மறைந்தது என்பதை அலோக் ராயிடம் வாசிக்கலாம். 1900ஆம் ஆண்டு வடமேற்கு மாகாண நீதிமன்றங்களில் நாகரி எழுத்துக்கு அனுமதி கிடைத்தது. அதைச் சுற்றி உருவான மேட்டுக்குடி அரசியல் வளர்த்தெடுத்த சமஸ்கிருதமயமான 'இந்தி' வேறு, மக்கள் புழங்கும் இந்தி வேறு என்கிறார் அவர். முன்னது தன் எண்ணிக்கை வலிமைக்குப் பின்னதையும் அதன் அண்டை மொழிகளையும் சார்ந்திருக்கிறது. அவற்றின் குரலையோ தாழ்வாக நோக்குகிறது.

இனித் தொழில்நுட்பம். 2020இல் வெளிவந்த ஒரு கட்டுரை, ஏறத்தாழ 2,500 மொழிகளை அவற்றுக்குக் கிடைக்கும் கணினித் தரவின் அளவைக்கொண்டு சுழியம் முதல் ஐந்து வரை ஆறு படிகளில் வரிசைப்படுத்தியது. ஐந்து கோடிப் பேர் பேசும் போஜ்புரிக்குக் கிடைத்தது அடியிலிருந்து இரண்டாம் படி. பேசுவோர் தொகைக்கும் தரவின் அளவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. பள்ளி, அலுவலகம், நீதிமன்றம், நாளிதழ் ஆகியவை ஒரு மொழியில் இயங்கினால்தான் அதில் எழுத்துத் தரவு பெருகும். போஜ்புரிக்குப் பாட்டும் படமும் ஏராளம். 1963 முதல் அதில் திரைப்படங்கள் உண்டு. நிறுவன உரைநடைதான் இல்லை.

2023இல் சென்னை ஐஐடியைச் சார்ந்த ஏஐ4பாரத் குழு இண்டிக்டிரான்ஸ்2 என்னும் மொழிபெயர்ப்பு அமைப்பை வெளியிட்டது. ஏறத்தாழ 23 கோடி இணை வாக்கியங்களின் திரட்டோடு வந்த, திறந்த மூலத்தில் அமைந்த அரும்பணி அது. அதன் எல்லை 22 அட்டவணை மொழிகள். போடோவும் சந்தாலியும் மைதிலியும் டோக்ரியும் 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தால் எட்டாம் அட்டவணைக்குள் வந்தவை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவற்றுக்கு இயந்திர மொழிபெயர்ப்பும் வாய்த்தது. பதினைந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் பேசும் போடோவுக்கு இது கிடைத்தது மகிழத்தக்கதே. ஆனால் அட்டவணையில் இல்லாத போஜ்புரி இங்கும் இல்லை. 1950இல் 14 மொழிகளோடு தொடங்கிய எட்டாம் அட்டவணையை அரசியலமைப்பு குறிப்பிடுவது 344, 351 ஆகிய இரு பிரிவுகளில்தான். ஒன்று ஆட்சிமொழி ஆணையத்தின் உறுப்பினர் பற்றியது, மற்றது இந்தியின் வளர்ச்சி பற்றியது. அந்தப் பட்டியல் இன்று எந்த மொழிக்குக் கணினிக் கருவி தேவை என்பதைத் தீர்மானிக்கும் வேலியாகிவிட்டது.

வேலிக்கு வெளியே வேறொருவர் வந்து எண்ணினார். 2022இல் மெட்டா நிறுவனம் 200 மொழிகளுக்கான மொழிபெயர்ப்புத் திட்டத்தையும், அதற்கான ஃப்ளோரஸ் என்னும் சோதனைத் தொகுப்பையும் வெளியிட்டது. போஜ்புரி, மகஹி, அவதி, சத்தீஸ்கரி நான்கும் அதில் தனி மொழிகள். அதே ஆண்டு கூகுள் மொழிபெயர்ப்பிலும் போஜ்புரி சேர்ந்தது. சொந்த நாட்டுப் பொதுத்திட்டம் தராத பெயரை அயல்நாட்டு வணிக நிறுவனங்கள் தந்துவிட்டன என்று மகிழ்வதற்கு முன், அந்தச் சோதனைத் தொகுப்பின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஆங்கில விக்கி தளங்களிலிருந்து எடுத்த ஏறத்தாழ மூவாயிரம் வாக்கியங்களை எல்லா மொழிகளிலும் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். கிரியர்சனும் இதையே செய்தார். விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையை ஒவ்வொரு பேச்சிலும் பெயர்க்கச் செய்தார். ஆனால் அவர் இரண்டாவது மாதிரி ஒன்றையும் கேட்டார். அது அந்தந்த ஊரிலேயே தேர்ந்தெடுத்த கதையோ பாட்டோ வழக்காடலோ ஆக இருக்கலாம். இன்றைய அளவுகோலில் அந்த இரண்டாவது மாதிரிக்கு இடமில்லை. பிழைப்புக்காகக் கல்கத்தா சென்ற கணவனையும் ஊரில் காத்திருக்கும் மனைவியையும் வைத்து 'பிதேசியா' நாடகத்தைப் படைத்த பிகாரி தாக்கூரின் மொழி, ஆங்கிலத் தகவல் வாக்கியங்களைத் திருத்தமாகப் பெயர்த்தால் தேர்ச்சி பெற்றதாகிவிடுகிறது.

இதைத் தமிழில் வாசிப்போருக்கு 'இந்தியின் கணக்கு வீங்கியது' என்னும் செய்தி இனிக்கலாம். கிரியர்சனின் அளவாய்வு சென்னை மாகாணத்தை விட்டுவிட்டது என்னும் குறையும் நம்மிடம் உண்டு. ஆனால் அதே கணக்கெடுப்பில் 'தமிழ்' என்னும் தலைப்பின்கீழ் எருகலாவும் கைக்காடியும் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பேசுவோரிடம் யார் எப்போது கேட்டார்கள் என்னும் கேள்வி நமக்கும் உரியது. எண்ணிக்கை சிறிதென்பதால் கேள்வி சிறிதாகிவிடாது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. தாய்மொழிப் பெயரைச் சொல்வது மக்களின் வேலை; அதை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்பது அலுவலகத்தின் வேலை. மொழியியலும் கணினியியலும் பயில்வோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வேட்டிலோ திட்ட முன்மொழிவிலோ 'இந்திய மொழிகள் 22' என்று எழுதும்போது, அந்த எண் ஏன் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிடலாம். சான்றாகக் காட்ட மொழியியல் காரணம் எதுவும் கிடைக்காது. அந்த வரியை எழுத முயல்பவருக்கே அது முதலில் தெரியவரும்.