வலிகாமம் வடக்கு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், சுன்னாகத்துச் சந்தையையும் மல்லாகத்து நீதிமன்றத்தையும் கடந்து தெல்லிப்பழையை அணுகும்போது, இருமருங்கிலும் மண் செம்பாடாக இருப்பதையும், பனைகளுக்கு நடுவே வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் பாத்தி பாத்தியாக விளைந்திருப்பதையும் காண்பார். மேற்கே கீரிமலையின் தீர்த்தக் கேணியும் நகுலேஸ்வரமும், நடுவே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் காங்கேசன்துறைத் துறைமுகமும், கிழக்கே மயிலிட்டியின் மீன்பிடித் துறையும், அதற்கப்பால் பலாலியும் வசாவிளானுமாக விரிந்து கிடக்கும் இப்பிரதேசத்தையே வலிகாமம் வடக்கு என்கிறார்கள்.

சுண்ணக்கல்லின் மேல் படிந்த இச்செம்மண்ணிலே ஆறு இல்லை, பெரிய குளமும் இல்லை, கிணறுதான் எல்லாம். தோட்டக் கிணற்றின் நீரை வாய்க்காலில் விட்டுப் பாத்தி கட்டி, ஒரு போகம் முடிந்தவுடன் அடுத்த போகத்துக்கு மண்ணைக் கொத்தும் கமக்காரர், தம் நிலத்தை ஏக்கரிலே பேசுவதில்லை, பரப்பிலே பேசுவார்கள். பதினாறு பரப்பு கொண்டது ஓர் ஏக்கர். மூன்று பரப்புத் தோட்டமும் ஒரு கல்வீடும் உடையவர் இங்கே கௌரவமான குடித்தனக்காரர். 1905-இல் புகையிரதப் பாதை முழுமை பெற்றுக் கொழும்போடு தொடர்பு உண்டானதும், 1950-இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டதும் சுபிட்சத்தை அதிகப்படுத்தின என்றாலும், ஊரின் அடிப்படை பரப்புக் கணக்கிலேதான் இருந்தது. தெல்லிப்பழையைப் பூர்வீகமாகக் கொண்ட சா. ஜே. வே. செல்வநாயகத்தைப் பல தடவை பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதியும் இந்தக் காங்கேசன்துறையே.

பலாலி விமானத்தளம் இந்த ஜனங்கள் கேட்டு வந்ததன்று. இரண்டாம் உலக யுத்த காலத்திலே பிரித்தானிய விமானப் படை தன் தேவைக்காக அமைத்தது அது. யுத்தம் முடிந்த பின்னர், 1947 டிசம்பர் 10-ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனம் தன் முதற் பிரயாணத்தைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா விமானம் இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் பறந்தது. இரைச்சலைத் தவிர அவ்விமானத்தால் அயற்கிராமங்களுக்குப் பெரிய உபத்திரவம் இருந்ததாகச் சொல்ல முடியாது. தோட்டமும் தளமும் பக்கம்பக்கமாக இருந்தே காலம் கழிந்தது.

1990 ஜூனில் அந்த அயலுறவு முறிந்தது. உள்நாட்டு யுத்தம் மறுபடி மூண்டு, ஜனங்கள் கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கிராமங்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயின. மல்லாகத்துக் கோணாப்புலம், சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி முகாம்களிலே, தங்கள் கிணற்றடியிலிருந்து சில மைல் தூரத்திலேயே, ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2011-இல் அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்ட பின்னும் வேலி நகரவில்லை. 2013 ஏப்ரலில், 1950-ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டத்தின் இரண்டாம் பிரிவின்படி, 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல்கள் வெளிவந்தன. பரப்பிலே எண்ணினால் அது ஓர் இலட்சத்துக்கு மேல். உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்று அவ்வறிவித்தல்கள் கூறின. அந்த உரிமையாளர்களோ முகாம்களிலே பங்கீட்டு அட்டையோடு இருந்தவர்கள். அரசாங்கமே அவர்களுக்கு அரிசி அளந்து கொடுத்திருந்தது! அவர்களிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். அவ்வாண்டு நவம்பரில், வலயத்தினுள்ளே வீடுகள் இடிக்கப்படுவதைக் கண்டித்து மாவிட்டபுரம் கோயிலடியிலே உண்ணாவிரதமும் நடந்தது.

வெளியூரார் இலகுவில் உணராத விஷயம் ஒன்று இங்கே உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தின்படி, இப்பகுதிக் காணிகளில் பெரும் பங்கு பெண்மக்களுக்குச் சீதனமாக எழுதப்படுவது. உறுதி தாயின் பெட்டியிலே பத்திரமாக இருக்க, காணி முள்ளுக்கம்பிக்கு அப்பால் இருந்தால், மகளின் கலியாணப் பேச்சிலே எதை எழுதுவது? நட்டஈட்டுக் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தர் நிலத்தின் சந்தை விலையை அறிவார். இந்தக் கேள்வியின் விலை அவருடைய படிவத்திலே இடம்பெறுவதில்லை.

இனி, இப்பிரதேசத்தின் உள்ளூராட்சி ஸ்தாபனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான பிரதேச சபை முறையின் கீழ், சந்தையைக் குத்தகைக்கு விடுவதும், ஒழுங்கைக்கு விளக்குப் போடுவதும், குப்பை அள்ளுவதும், வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பதும் வலிகாமம் வடக்குச் சபையின் கருமங்கள். கோயிற் திருவிழாக் காலத்திலே துவிச்சக்கர வண்டிப் பாதுகாப்பு நிலையத்தில் இலக்கமிட்ட துண்டைக் கிழித்துக் கொடுத்து எத்தனை ரூபாய் அறவிடலாம் என்பதைத் தவிசாளரும் உறுப்பினரும் கூடி வாதாடித் தீர்மானிக்கலாம். கட்டணம் அதிகமென்று ஜனங்கள் முறையிட்டால் குறைக்கவும் செய்யலாம். அங்கிருந்து சில மைல் சென்றால் தொடங்கும் விமானத்தளத்தின் எல்லை எங்கே இருக்கவேண்டும் என்பதிலோ, அச்சபைக்கு ஓர் அபிப்பிராயத்தைப் பிரேரணையாக நிறைவேற்றிக் கொழும்புக்கு அனுப்புவதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. காணி எடுத்தற் சட்டத்தின் படிமுறைகளிலே சபையின் சம்மதத்துக்கு இடமே வைக்கப்படவில்லை. சைக்கிளுக்கு நிழல் கொடுக்க அதிகாரம் பெற்ற சபை, ஒரு கிராமம் மறைவதைப் பற்றிக் கேட்கப்படாமல் இருப்பதை ஜனநாயகம் என்று கொள்வது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

2019 அக்டோபர் 17-ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் எயர் விமானமே முதலில் இறங்கியது. கொரோனாத் தொற்றினால் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கி, 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. வைத்தியத்துக்கும் யாத்திரைக்கும் கலியாணப் புடவைக்கும் தமிழகம் செல்பவர், கொழும்புக்கு இரவெல்லாம் பஸ்ஸில் பிரயாணம் செய்யவேண்டிய சிரமம் நீங்கியது மெய்யான நன்மை. அதை இவ்வூரார் எவரும் மறுக்கக் காணோம். இப்போது வந்து போவன எழுபது இருக்கைகளுக்குச் சற்று மேற்பட்ட சிறு விமானங்கள். பெரிய ஜெற் விமானம் இறங்குவதற்கு ஓடுபாதை நீளவேண்டும், ஓடுபாதை நீள்வதற்கு நிலம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், உறுதியை வைத்திருப்போருக்கு 2013-ஆம் ஆண்டின் அறிவித்தலே ஞாபகத்துக்கு வருகிறது. விமானம் வரட்டும், எங்கள் காணி போகக்கூடாது, ஏற்கெனவே வேலிக்குள் இருக்கும் அரச நிலத்துக்குள் விஸ்தரிப்பை முடித்துக்கொள்ளட்டும் என்பதே அவர்கள் பக்கத்துக் கோரிக்கை. இதை அபிவிருத்தி விரோதம் என்று சொல்வது நியாயமன்று.

காணிகள் சிறிது சிறிதாகத் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறை விடுபட்டது. 2025 ஏப்ரல் 10-ஆம் திகதி, மூன்று தசாப்தங்களுக்கு மேல் அடைபட்டிருந்த வசாவிளான்–பலாலி வீதி திறக்கப்பட்டபோது, காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டுமே செல்லலாம், வாகனத்தை இடையிலே நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது, நடந்து போகவும் கூடாது என்ற நிபந்தனைகளும் கூடவே வந்தன. அடுத்த மே மாதத்திலே சபைக்குத் தேர்தல் நடந்து, நெடுநாளாகச் செயலாளரால் நிர்வகிக்கப்பட்ட ஸ்தாபனத்துக்கு மறுபடியும் உறுப்பினர்கள் வாய்த்தார்கள். ஓடுபாதை விஸ்தரிப்புக்கான நில அளவைப் படம் ஒன்று வரையப்படுமாயின், அது வர்த்தமானியில் அச்சேறுவதற்கு முன்னர் இச்சபையின் மேசையிலே விரிக்கப்பட்டு, வட்டார உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிணறுகளை அதிலே விரல் வைத்துக் காட்ட அவகாசம் தரப்படவேண்டும். அதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை, கொழும்பிலிருந்து ஒரு கடிதம் போதும்.