ஞாயிறுக்கு ஒரு பக்கம்

மேசையில் திருவிவிலியம் விரிந்து கிடக்கிறது. 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பு. முதுகு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. எதிரே இருக்கும் அருள்தந்தை அரை மணி நேரமாக ஒரு வரிகூட எழுதவில்லை. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை மூன்றாம் முறையாக, வாய்விட்டு வாசிக்கிறார்.

தமிழகக் கத்தோலிக்க இதழ் ஒன்றில் ஞாயிறு மறையுரைச் சிந்தனை எழுதுகிறவர் அவர். அந்த வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். அச்சும் தபாலும் நேரம் தின்பதால் மூன்று வாரம் முன்பே பக்கம் தயாராக வேண்டும்.

எந்தப் பகுதியைப் பற்றி எழுதுவது என்பது அவர் கையில் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-இல் வெளியான வாசக நூல் ஞாயிறு வாசகங்களை மூன்று ஆண்டுச் சுழற்சியாக வகுத்தது. முதலாம் ஆண்டுக்கு மத்தேயு, அடுத்து மாற்கு, பிறகு லூக்கா. பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்தியோடு இணைந்து வரும்; இரண்டாம் வாசகமோ ஒரு திருமுகத்தைத் தொடர்ந்து தன் வழியில் போகும். "மூணையும் ஒரே கயித்துல கட்டப் பார்த்தா எதுவுமே நிக்காது" என்கிறார்.

அன்று அவர் முன் இருந்தது முதலாம் ஆண்டு, பொதுக்காலம் 25-ஆம் ஞாயிறு. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை. இறைவனின் எல்லையற்ற இரக்கத்தைப் பற்றி நான்கு வரி எழுதினார், அடித்தார். விடியற்காலையில் சித்தாள்கள் வேலைக்குக் காத்து நிற்கும் முச்சந்தியிலிருந்து மீண்டும் தொடங்கினார். பிறகு ஓரிடத்தில் பேனா நின்றது. கடைசியில், மாலை ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுக்கச் சொல்கிறார் தோட்ட உரிமையாளர். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய ஒரு தெனாரியத்தை வாங்கிக்கொண்டு நிறைவாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். முணுமுணுப்பு எழுந்தது அடுத்தவர் கையிலும் அதே காசு இருந்ததைப் பார்த்த பிறகுதான்.

அன்றைய சிந்தனைக்கு அந்த ஒன்றே போதும் என்று மற்ற குறிப்புகளை ஒதுக்கிவைத்தார்.

"ஃபாதர், இன்னும் நாலு வரி குறைக்கணும்" என்றார் பக்கம் அமைக்கும் பெண். திருப்பலி முன்னுரை, வாசக முன்னுரைகள், மன்றாட்டுகள் எல்லாம் அதே பக்கத்தில் அடங்க வேண்டும். சுருக்கம் மேடைக்கும் தேவை. 2013-இல் வெளியான 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில் மறையுரைக்கும் அதன் தயாரிப்புக்கும் 25 பத்திகளை ஒதுக்கியவர் திருத்தந்தை பிரான்சிஸ். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று 2024 ஜூன் மாதம் அவரே சொன்னார்.

திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது என்கிறது திருச்சபைச் சட்டம். ஆனால் குரு வர முடியாத கிளைப்பங்குகளில் உபதேசியார் இறைவாக்கு வழிபாடு நடத்துவார். அங்கே இந்தப் பக்கம்தான் அவருக்குத் துணை. அதனால் வாக்கியங்கள் மூச்சு வாங்காமல் வாசிக்கும் நீளத்தில் இருக்கின்றனவா என்று தந்தை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார்.

முடிவுரை எழுதவில்லை. "நம் ஊரில் மாலை ஐந்து மணி வரை யாரும் வேலைக்குக் கூப்பிடாதவர் யார்?" என்ற கேள்வியோடு நிறுத்திவிட்டார்.

பக்கத்தை அப்படியே பீடத்தில் வாசித்துவிட்டு இறங்கும் குருக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்விக்கான பதிலை மூன்று வாரம் முன்பு எங்கோ இருந்து எழுதியவரால் தர முடியாது. சனிக்கிழமை மாலை உங்கள் பங்கின் தெருக்களில் ஒரு நடை போய் வந்து, அதை நீங்களே சொல்லுங்கள்.