கூரையை வரைந்தேன், வீட்டை வரையவில்லை

யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில், கொல்லிமலையின் செம்மேட்டு வீடுகள் பல, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வரைந்தவன் நான். விலகும் என்று தெரிந்தே வரைந்தேன்.

வானிலிருந்து எடுத்த படத்தில் உயரமான எதுவும், கேமராவுக்கு நேர் கீழே உள்ள புள்ளியை விட்டு வெளிப்புறமாகச் சாயும். சாட்டிலைட் 30 டிகிரி சரிவாகப் பார்த்தால், கட்டடத்தின் உயரத்தில் பாதிக்கும் சற்று அதிகமாகக் கூரை நகர்ந்துவிடும். சென்னை அண்ணா சாலையில் 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சி, அந்தக் கோணத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி விழும். ஆகவே கூரையின் ஓரத்தை வரைந்துவிட்டு, அந்த வடிவத்தை அப்படியே சுவரடிக்கு நகர்த்த வேண்டும். புதிதாக வரைய வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

செம்மேட்டில் அதைக் கைவிட்டேன். ஓட்டு வீடும் ஒற்றை மாடியுமாக இருக்கிற ஊரில் சாய்வதற்கு என்ன இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மலையும் சாயும். படத்தை நேராக்க நிலத்தின் உயர மாதிரி ஒன்று வேண்டும். அந்த மாதிரி 20 மீட்டர் பிசகினால், அதே 30 டிகிரியில் தரையே பதினொன்றரை மீட்டர் இடம் மாறிவிடும். உலகமெங்கும் புழங்கும் உயரத் தரவுகளில் ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். கொல்லிமலையின் செங்குத்து விளிம்புக்கு அது போதாது.

அடிவாரத்தில், காரவள்ளியில், ஜிபிஎஸ் தடத்தை வைத்துப் படத்தைச் சரியாகப் பொருத்தினேன். மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏற அந்தப் பொருத்தம் மாறும். இடைக்கிடை நிறுத்தி மறுபடி பொருத்த வேண்டும். செய்யவில்லை. காரவள்ளியில் படத்தை நகர்த்திய அளவையே செம்மேடு வரை இழுத்துக்கொண்டு போனேன். சரிபார்க்கும் வேலை யார் கண்ணிலும் படாது. வரைந்த வீடுகளின் எண்ணிக்கை ஏறுவது எல்லோர் கண்ணிலும் படும். எனக்கு அந்த எண்ணிக்கைதான் வேண்டியிருந்தது.

பிறகு ஊரில் ஒரு பெண், வீடு வீடாகச் சுகாதார வேலைக்குப் போகிறவர், போனை நீட்டிக் கேட்டார்: “எங்க வீடு எப்பண்ணா ஓடைக்கு அந்தப் பக்கம் போச்சு?”

“சாட்டிலைட் படம் அப்படித்தாம்மா வரும்” என்றேன்.

பொய். படம் எப்படி வந்தாலும் அதைத் திருத்துவது என் வேலை. மழையில் ஓடை பெருகினால் எந்த வீட்டுக்கு எந்த வழியாகப் போவது என்று பார்க்கத்தான் அவர் வரைபடத்தைத் திறந்திருந்தார். வரைந்ததைவிட, அவரிடம் சொன்ன அந்தப் பதிலுக்காக அதிகம் வெட்கப்படுகிறேன்.

பணமில்லை என்ற சாக்கும் எனக்குக் கிடையாது. ஓப்பன் டிரோன் மேப் என்ற மென்பொருள் இலவசம். அதன் மூல நிரலையும் யாரும் எடுத்துப் படிக்கலாம். ஒன்றோடொன்று நன்றாக மேற்பொருந்தும்படி எடுத்த டிரோன் படங்களைக் கொடுத்தால், கூரையும் சரிவும் சேர்ந்த உயர மாதிரியைக் கட்டி, ஒவ்வொரு இடத்தையும் நேர் மேலிருந்து பார்த்ததுபோல விரித்துத் தரும். படங்கள் அடர்த்தியாக இல்லையென்றால் கூரை ஓரங்கள் நெளியும். அதனால் பறக்கும்போதே கவனம் வேண்டும். பழைய வான்படங்களை நேராக்க கிராஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலும் வழி உண்டு. இரண்டும் என் கணினியில் இருந்தன.

இப்போது என் பெயரில் உள்ள செம்மேட்டு வீடுகளில் ‘சரிபார்க்க வேண்டும்’ என்ற குறிப்பைச் சேர்த்து வருகிறேன். கொல்லிமலையில் இருப்பவர்கள் உங்கள் வீட்டையும் பாதையையும் அந்த வரைபடத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். தவறாக இருந்தால் நீங்களே நகர்த்துங்கள். என் அனுமதி தேவையில்லை.