படகும் பெருக்கியும்

ஆனித் திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறிய எவரும் படகோட்டியின் ஒரு கட்டளையை மறந்திரார்: "எல்லாரும் ஒரு பக்கமா நிக்காதேங்கோ!" துறையிலே அசையாது நிற்கும் படகு, ஆட்கள் நிறைந்து கடலில் இறங்கியபின் வேறு குணம் காட்டும் என்பதை அவன் ஏட்டிலே படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்த எமக்கோ, அவ்வுண்மையின் ஆழத்தை எமது மருமகன்தான் உணர்த்தவேண்டியிருந்தது.

மருமகன் பொறியியல் மாணவன். அவன் தந்தையாகிய எம் அத்தான் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்பவர். இருளிலே அவருக்குத் திசையையும், 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த கடலெல்லையையும் காட்டுவது படகிலுள்ள ஜீ.பி.எஸ். கருவி. விண்ணிலிருந்து 1575.42 மெகாஹேட்ஸ் அதிர்வெண்ணில் வரும் மிக மெல்லிய நுண்ணலையே அக்கருவிக்கு ஆதாரம். மருமகனும் தன் இறுதியாண்டு வேலையாக நுண்ணலைப் பெருக்கி ஒன்றையே வரைந்திருந்தான்.

"கணக்கு ஒத்து வந்திட்டுது மாமா. திங்கட்கிழமை குடுக்கவேணும்" என்று மடிக்கணினியைத் திறந்து காட்டினான்.

அவ்வேளையில் எம் கிராமத்துக் கோயில் ஒலிபெருக்கி திடீரென ஊளையிட்டது. பேசுவார் எவருமிலர். குழாயிலிருந்து வந்த ஒலி ஒலிவாங்கியிற் புகுந்து, பெருகி, மீண்டும் குழாய்வழி வந்து, சுற்றுக்குச் சுற்று வளர்ந்துவிட்டது. பெருக்கவேண்டிய கருவி தானே பாடத் தொடங்கிற்று!

"தம்பி, உன்ரை பெருக்கியும் இப்பிடி ஊளையிடாதோ?" என்றோம்.

"இட்டால்தான் ஆருக்கு என்ன, மாமா?" என்று சிரித்தான்.

ஆருக்கு என்னவென்பதற்கு வரலாறு உண்டு. 2001ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஜீ.பி.எஸ். கருவிகள் செயலிழந்தன. ஆய்வாளர் தேடிக் கண்டது பகைவரின் சூழ்ச்சியை அன்று. படகுகளிற் பூட்டியிருந்த தொலைக்காட்சி அன்ரனாக்களின் பெருக்கிகள் மூன்று, தாமாகவே அலை எழுப்பி, விண்ணின் மெல்லொலியை மூடிவிட்டன. இதைக் கூறியதும் மருமகனின் சிரிப்பு அடங்கிற்று. தந்தையின் நினைவு வந்திருக்கவேண்டும்.

பெருக்கியின் உறுதிப்பாட்டுக் கதையும் ஒரு படகிலேதான் தொடங்குகிறது. 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் நாள், ஹட்சன் ஆற்றைப் படகிலே கடந்துகொண்டிருந்த ஹரோல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர், வெளிவருவதில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி உள்ளே விட்டாற் பெருக்கியின் பிழை குறையும் எனக் கண்டு, கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதனைக் குறித்துக்கொண்டார். திருப்பியது எதிர்க்காமல் உடன்பட்டுவிட்டால் ஊளைதான். அதனை முன்கூட்டி அறியும் விதியை நைக்குவிஸ்ட் 1932இல் வகுத்தார்.

ஆயினும் அவ்விதி, இட்டதற்கு நேர்விகிதமாய்ப் பயன் தரும் சுற்றுக்கே உரியது. வலு மிகுந்தால் திரான்சிற்றர் அந்த ஒழுங்கில் நில்லாது. அப்போது கணினி, செலுத்திய அதிர்வெண்ணையும் அதன் இருமடங்கு, மும்மடங்குகளையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, மின்னோட்டங்கள் யாவும் ஒத்துவரும் விடையைத் தேடுகிறது. பாதி அதிர்வெண் அப்பட்டியலில் இல்லை. ஆதலால் அது விடையிலும் தோன்றாது. கேளாத கேள்விக்குக் கணினி மறுமொழி கூறுவதில்லை.

பாதி எங்கிருந்து வரும் என்கிறீர்களா? வருடப்பிறப்பன்று ஊஞ்சலில் நின்று உழக்குபவரை நோக்குங்கள். ஊஞ்சல் ஒருமுறை போய்வருவதற்குள் அவர் இருமுறை குந்தி எழுகிறார். அவரது அசைவின் பாதி வேகத்திலேயே ஊஞ்சல் ஆடுகிறது. திரான்சிற்றரின் உள்ளே மின்னைத் தேக்கும் கொள்ளளவும் அலைக்கேற்ப விரிந்து சுருங்கி, பாதி அதிர்வெண்ணை அவ்வாறே உழக்கி எழுப்பக்கூடும்.

இதனை மருமகன் எமக்கு விளக்கியபோது நாம் நாணினோம். விசைகளின் கூட்டுத்தொகை பூச்சியமாயின் சமநிலை என்று எழுதியவர்க்கெல்லாம் முழுப்புள்ளி வழங்கியவர் நாம். விரல்நுனியில் நிறுத்திய பனைமட்டைக்கும் சமநிலை உண்டு. அது நிலைக்குமா என்று எந்த மாணாக்கனையும் கேட்டோமில்லை.

அதற்கு வழி, கண்ட விடையைச் சற்றே அசைத்துப் பார்ப்பது. அந்த விடையின்மேல் மிகச் சிறிய சோதனை அலை ஒன்றை, அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டும். சுற்றின் மறுமொழியிலிருந்து, அச்சிற்றசைவு தேயுமா வளருமா என்று கணிக்கலாம். தேய்ந்தால் உறுதி, வளர்ந்தால் கேடு. வலுவை ஒவ்வொரு படியாக உயர்த்தி, படிதோறும் இவ்வாறு சோதித்தல் வேண்டும்.

மருமகன் இரண்டு இரவுகள் கண்விழித்தான். குறைந்த வலுவில் அசைவு தேய்ந்தது. வலுவை உயர்த்தியபோது, செலுத்தியதன் சரிபாதி அதிர்வெண்ணில், அது வளர்ந்தது! இணையாக நின்ற இரு திரான்சிற்றர்களின் வாயில்களுக்கிடையே சிறு தடையொன்றைச் சேர்த்து, எல்லாப் படிகளையும் மீண்டும் சோதித்தான். தேய்ந்தது. அதற்குள் திங்கட்கிழமை கடந்துவிட்டது.

தாமதத்துக்காகச் சில புள்ளிகள் குறைந்தன. எம் தமக்கையார் எம்மையே நொந்துகொண்டார். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த அத்தான் மட்டும் தலை நிமிராமலே சொன்னார்:

"கரையிலை ஓடுற எஞ்சினை நம்பி ஆர் கடலுக்குப் போறது? பெடியன் செய்தது சரி."