பூஜ்யம் காட்டிய கருவி

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒப்பந்தத் தூய்மைப் பணியில் இருக்கும் அண்ணன் ஒருவர் மஞ்சள் பைக்குள் ஒரு கருவியைக் கொண்டுவந்து எங்கள் அறைப் பாயில் வைத்தார். உள்ளங்கை அளவு. முன்பக்கம் நான்கு கட்டம் கொண்ட திரை, பின்பக்கம் கிளிப். பாதாளச் சாக்கடைக்குள் விஷவாயு இருக்கிறதா என்று அளந்து சொல்லும் கேஸ் டிடெக்டர்.

"லாரி டூல் பாக்ஸ்ல ரெண்டு வருஷமா கெடக்கு. சூப்பர்வைசர் கெட்டுப்போச்சுன்னு சொல்றாரு. நீங்கதான் படிச்ச புள்ளைங்களாச்சே, என்னன்னு பாருங்க."

மலக்குழி மரணங்கள் பற்றி நாங்கள் கூட்டம் போட்டிருக்கிறோம், மனு எழுதியிருக்கிறோம், இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் சட்ட விதிகளில் பெயர் குறித்துச் சொல்லப்பட்ட இந்தக் கருவியை எங்களில் ஒருவர்கூட அதுவரை தொட்டுப் பார்த்ததில்லை. 2013 சட்டத்தோடு வந்த விதிகளில் பாதுகாப்புக் கருவிகளின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. "நான்கு வாயுக்களை அளக்கும் கருவி" அதில் ஒன்று. கூட்டங்களில் அந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்லிவிடுவோம். பாயில் கிடந்ததை எந்தப் பக்கம் திறப்பது என்று மட்டும் தெரியவில்லை.

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுக்கும் நண்பர் ஒருவர் எங்களுக்கு உண்டு. அவரை வரச்சொன்னோம். வந்தவர் கேஸ் டிடெக்டரைத் தொடவில்லை. தன் மணிக்கட்டில் இருந்த டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றி, "முதல்ல இதுல கத்துக்குங்க" என்றார்.

பெரிய கைக்கடிகாரம் போல இருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும், இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம், எந்த வேகத்தில் மேலே வரவேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுமாம். அவருடையதில் சிஆர் 2450 என்ற வட்ட பேட்டரி. பின்மூடியில் நாணயம் நுழையும் பள்ளம். ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினார். மூடியின் ஓரத்தில் கருப்பாக ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். "பேட்டரி மாத்துறது ஒண்ணுமே இல்ல. இதுதான் வேலை" என்று அந்த வளையத்தைக் காட்டினார். அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், ஆழத்தில் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே போய்விடும். ஊசியால் நெம்பினால் கீறல் விழும். அதனால் பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்தார். நூல் விடாத துணியால் பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்தில் சிலிக்கான் கிரீஸை மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவி உட்கார வைத்தார். மூடியைக் குறி வரைக்கும் திருப்பினார், அதற்கு மேல் ஒரு இழைகூட இல்லை. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, குமிழி வருகிறதா என்று நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. டம்ளர் சோதனை பெரிய ஓட்டையைத்தான் காட்டும் என்பதையும் சொல்லிவிட்டார். முதல் தடவை கடலில் இறங்கும்போது அதைத் தனியாக நம்ப மாட்டாராம், இன்னொன்றும் கூடவே இருக்குமாம்.

டைவ் போய்வந்த அதே நாளில் பேட்டரியைக் கழற்றக்கூடாது என்றார். பல மாடல்களில் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். ஒன்றும் நடக்காதது போல மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதை அவர் போகிறபோக்கில்தான் சொன்னார்.

"கம்பெனிக்காரங்க சர்வீஸ் சென்டர்லதான் மாத்தணும்னு சொல்ல மாட்டாங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"சில மாடலுக்குச் சொல்லுவாங்க. அதை அங்கதான் கொடுக்கணும், அழுத்தம் வச்சுச் சோதிப்பாங்க. இது நாமே மாத்திக்கலாம்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. கீழ போறது நான்தானே அண்ணே."

அண்ணன் பதில் சொல்லவில்லை. கேஸ் டிடெக்டரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஸ்க்ரூ டிரைவர் அவர் கையில்தான் இருந்தது.

பின்மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அளவில் மூன்று பேட்டரிகள். உள்ளேயே கிடந்து கசிந்து, முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கையில் படாமல் அவற்றை எடுத்தோம். காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டு முனைகளைத் துடைத்து நன்றாகக் காயவிட்டோம். லேபிளில் இன்ன வகை பேட்டரிதான் போடவேண்டும் என்று எழுதியிருந்தது. அதில் அர்த்தம் உண்டு. மீத்தேன் நிறைந்த இடத்தில் சிறு தீப்பொறி போதும் என்பதால், கருவியைப் பொறி பறக்காதபடிதான் செய்திருப்பார்கள். கண்ட பேட்டரியைப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பழசையும் புதுசையும் கலக்கவும் கூடாது. மேன்ஹோல் பக்கத்தில் வைத்து மூடியைத் திறக்கவே கூடாது.

குறிப்பிட்ட வகையைக் கடையில் தேடி வாங்கிப் போட்டு பொத்தானை அழுத்தினோம். கருவி கத்தியது, அதிர்ந்தது, சிவப்பு விளக்குகள் மின்னின. பிறகு திரையில் நான்கு எண்கள் வந்தன. ஆக்சிஜன் 20.9. எரியும் வாயு 0. கார்பன் மோனாக்சைடு 0. ஹைட்ரஜன் சல்ஃபைடு 0. நாங்கள் கைதட்டியே விட்டோம். அண்ணன் அதை வாயருகே வைத்து நீளமாக ஊதினார். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எண் மளமளவென்று இறங்கி, 19.5-ஐத் தாண்டியதும் அலாரம் அலறியது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து பார்த்தான்.

எங்களோடு இருந்த கல்லூரித் தங்கை ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை.

"இதைச் சரி பண்ணிக் கொடுத்தா, மிஷின் இருக்குல்ல, இறங்குன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் கேட்டது சரி. சட்டத்திலேயே அந்த இடம் இருக்கிறது. 2013 சட்டத்தின் 7-ஆம் பிரிவு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் "அபாயகரமான துப்புரவு" செய்ய ஆளை அமர்த்தக்கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அபாயகரமான துப்புரவு என்றால் என்ன? பாதுகாப்புக் கருவி கொடுக்காமலும் முன்னெச்சரிக்கைகளை உறுதிசெய்யாமலும் செய்விப்பது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. எனவே கருவியைக் கொடுத்ததாகக் காகிதத்தில் இருந்தால் தப்பிக்க ஒரு வழி கிடைக்கிறது. எந்தெந்தத் தவிர்க்க முடியாத வேலைக்கு ஆள் இறங்கலாம் என்று விதிகள் தனியாகச் சொல்கின்றன. தினசரி அடைப்பு எடுப்பது அந்த வேலைகளில் இல்லை. அதைப் படித்துக் காட்ட லாரியருகே யாரும் நிற்பதில்லை.

அண்ணன் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். "மிஷின் இல்லாதப்பயும் இறங்குன்னுதான்மா சொன்னாங்க."

பிறகு தன் பழைய மிஷினைப் பற்றிச் சொன்னார். மூடியைத் திறந்து போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்களாம். கரப்பான் பூச்சி உயிரோடு ஏறி வந்தால் நல்ல குழி. சிலர் தீக்குச்சி கிழித்துப் போட்டுப் பார்ப்பார்கள். அவர் மாமன் ஒருவருக்கு அப்படித்தான் முகம் வெந்தது. மூக்கை நம்ப முடியாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். அதைவிடப் பல மடங்கு ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிவார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கசடைக் கிளறும்போது குபீரென்று வெளிவரும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சாவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நண்பர் விடவில்லை. மூச்சு ஊதியது ஆக்சிஜனுக்கு மட்டும்தான் சோதனை, மற்ற மூன்றையும் யார் பார்ப்பது என்றார். அடுத்த வாரம் சென்னை பாரிமுனையில் பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். அங்கே அளவு தெரிந்த வாயுக் கலவை அடைத்த சிறிய சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். குழாயை மாட்டித் திறந்தால், எல்லா எண்ணும் ஏறவேண்டும், அலாரம் அடிக்கவேண்டும். பம்ப் டெஸ்ட் என்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறியது. எரியும் வாயு ஏறியது. ஆக்சிஜன் இறங்கியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கட்டத்தில் 0 என்று இருந்தது, 0 என்றே நின்றது. கடைக்காரர் சிலிண்டரை மூடிவிட்டு மறுபடி திறந்தார். 0.

சென்சாருக்கு ஆயுள் உண்டு. அது முடிந்து நாளாகியிருந்தது. அங்கே கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை இதைப் படிக்கும் தோழர்கள் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிக் கருவிகளில் ஆக்சிஜன் சென்சார் செத்தால் பெரும்பாலும் எண் இறங்கும், கருவி கத்தும், தெரிந்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் செத்தால் பூஜ்யம் காட்டும். சுத்தமான காற்றிலும் பூஜ்யம், செத்த சென்சாரிலும் பூஜ்யம். திரையைப் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. பேட்டரி தீர்ந்து கிடந்த கருவியாவது யாரையும் ஏமாற்றவில்லை. புது பேட்டரி போட்டு, ஒரு பொய்யை நாங்கள்தான் உயிர்ப்பித்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கைதட்டிய கையோடு அதை அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருந்தால்?

திரும்பும் ரயிலில் யாரும் அதிகம் பேசவில்லை. தங்கை மட்டும் கைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக உயர்த்தியது. தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையத்தின் கணக்கில் இந்தச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. இறந்தவர்களின் சாதியைப் பற்றி இங்கே தனியாக எழுதவேண்டியதில்லை, நம் தெருக்களுக்குத் தெரியும். ஒரு சென்சாரின் விலை எங்கள் அறையின் ஒரு மாத வாடகையை ஒட்டி வருகிறது. 30 லட்சத்தில் எத்தனை சென்சார் வாங்கலாம் என்று தங்கை கணக்குப் போட்டு முடித்துவிட்டு, எங்களிடம் சொல்லாமல் கைபேசியை அணைத்துவிட்டாள்.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னோம். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கச் சொன்னார். ஹைட்ரஜன் சல்ஃபைடு கட்டத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, "செத்தது" என்று பேனாவால் அவரே எழுதினார். இனி சூப்பர்வைசர் இறங்கச் சொன்னால், சிலிண்டர் வைத்துச் சோதித்த சீட்டைக் காட்டு என்று கேட்கப்போவதாகச் சொன்னார். கேட்டால் வேலை போகும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. அவரோடு வேலை செய்யும் ஆறு பேரும் சேர்ந்து கேட்பது என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. ஆறு பேருக்கும் பம்ப் டெஸ்ட் என்றால் என்ன என்று அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் எங்களுக்கே போன் செய்தார். ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம், கருவி உடனே வேண்டுமாம். சென்சார் வேலை செய்யவில்லை, மாற்றாமல் பயன்படுத்தக்கூடாது என்று விளக்க ஆரம்பித்தோம்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். ஆன் பண்ணா லைட் எரியுதா?"

எரியும் என்றோம்.

"அது போதும். ஆள் அனுப்புறேன்."

சென்சாரின் காலாவதித் தேதி தெரியும்படி எடுத்த படம், கடைக்காரர் கையெழுத்திட்ட சோதனைச் சீட்டு, ஆறு பேரின் கையொப்பம், மூன்றையும் சேர்த்து அன்று மதியமே மனுவாக அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டோம். கருவியை வாங்க வந்த பையனிடம், மனுவின் நகலில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகச் சொன்னோம். அவனுக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். பிளாஸ்டரில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "இது எதுக்குண்ணே?" என்று கேட்டான். எந்தத் தெரு என்று விசாரித்தோம். அவனும் அடுத்த மாதத்திலிருந்து அதே லாரியில்தான் வேலைக்குப் போகப்போகிறானாம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தோம்.